பூஜ்யத்தால் வகுத்தவர்

சிவகுமாரை நோகாமல் கழற்றிவிட வேண்டும். சரஸ்வதிபுரத்து ஹோட்டலில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ரஞ்ஜிதாவுக்கு அது ஒன்றுதான் கவலை. அதற்காகத்தான் இந்த மசால் தோசையே. மனுஷனோ, தனக்கு ஏதோ பாராட்டு விழா நடப்பதைப் போல, சட்னியில் தோய்த்துத் தோய்த்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். 'ஜாமூன்' என்ற புதிய கணினி மொழி போன வாரம் வெளியாகியிருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் இணையக் கையேட்டைச் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் திருத்தலாம். ஆனால் பொறுப்பு ஒரு ஊர்க் குழுவுக்குத்தான். பெங்களூர்க் குழு கண் வைத்திருந்த அந்தப் பொறுப்பைச் சண்டை போடாத குறையாக மைசூருக்கு வாங்கி வந்தவள் ரஞ்ஜிதா.

இன்று மாலைக் கூட்டத்துக்குள் காலிப் பக்கங்கள் நிரம்பாவிட்டால் கையேடு பெங்களூருக்குப் போய்விடும். "நாங்க அப்பவே சொன்னோமே" என்று அவர்கள் சிரிக்கப்போகும் சிரிப்பை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

எழுத ஆள் கேட்டு அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அவள் போட்ட செய்திக்கு எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதே செய்தியில் ஜாமூன் வெளியான கிழமையை அவள் மாற்றிப் போட்டிருந்தாள். அதைத் திருத்த மட்டும் முன்பின் தெரியாதவர்கள்கூட முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலமே, "நான் எழுதறனுங்க மேடம்" என்று வந்து நின்றவர் சிவகுமார். கொள்ளேகால்காரர். பட்டு ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பவர். ரஞ்ஜிதாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. பக்கத்துக்கு நாலே வரி எழுதினார். அதிலும் கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு தப்பு. ஜாமூனில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். ஒன்றில் தொடங்கும் என்று எழுதினார். திறந்த கோப்பு தானாக மூடிக்கொள்ளும் என்றார். அது எங்கே மூடிக்கொள்கிறது? எந்த எண்ணையும் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் வரும் என்று அவர் எழுதியதைப் பார்த்த அன்று, ரஞ்ஜிதா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

திட்டு மடல்கள் குவிந்தன. பெங்களூரிலிருந்து வந்தவை தனி ரகம். "மைசூரில் கணக்கு வாத்தியார்களே கிடையாதா?" என்று ப்ரத்யும்ன என்றொருவர் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு வெட்கத்தில் அவள் கையேட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"சிவகுமார், தப்பா நெனச்சுக்காதீங்க," என்று மெல்ல ஆரம்பித்தாள். "உங்களுக்கும் ஆபீஸ் வேலை இருக்கு. ஸ்வல்ப ரெஸ்ட் எடுத்துக்கங்களேன்."

"எனக்கென்னத்துக்குங்க ரெஸ்ட்டு? உக்காந்து நாலு வரி எழுதறதுதானுங்களே."

"அந்த நாலு வரிதான் ப்ராப்ளமே! பூஜ்யத்தால வகுத்தா பூஜ்யம்னு ஸ்கூல் பசங்ககூட எழுத மாட்டாங்க."

"ஏனுங்க, ரொம்பத் திட்டறாங்களா?" அவர் முகத்தில் வருத்தம் மருந்துக்குக்கூட இல்லை. சர்வரைக் கூப்பிட்டு இரண்டு காபி சொன்னார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "பெங்களூர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம திட்டறாங்க. நீங்க எழுதினதப் பாத்துட்டு அந்த ப்ரத்யும்ன ராத்திரியெல்லாம் தூங்கவே இல்லையாம்!"

"தூங்காம என்ன பண்ணிட்டிருந்தாராமுங்க?"

"எனக்கென்ன தெரியும்? சாயங்காலம் மீட்டிங். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போறது? நீங்க விலகிக்கங்க சிவகுமார், ப்ளீஸ்."

"விலகிக்கறனுங்க. அதுக்கு முன்னால கையேட்ட ஒருக்காத் தொறந்து பாத்துருங்க."

அவள் வேண்டாவெறுப்பாகக் கைப்பேசியில் திறந்தாள். முதல் பக்கத்தில் சிவகுமாரின் நாலு வரியைக் காணோம். அந்த இடத்தில், எண்ணிக்கை ஏன் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று படம் போட்டு, உதாரணங்களோடு, குழந்தைக்குச் சொல்வதுபோல் யாரோ விளக்கியிருந்தார்கள். கோப்புகளைப் பற்றிய பக்கமும் அப்படியே. வகுத்தலைப் பற்றி ஒரு குட்டிப் புத்தகமே இருந்தது, பயிற்சிக் கணக்குகள் உட்பட. எழுதியவர் பெயரைப் பார்த்தாள். ப்ரத்யும்ன.

அவள் விரல் வேகவேகமாகத் தள்ளிக்கொண்டே போனது. பக்கத்துக்குப் பக்கம் பெங்களூர்ப் பெயர்கள். கோபத்தில் திருத்த வந்தவர்கள், திருத்தியதோடு நிற்க மனசு வராமல் முழுசாக எழுதித் தள்ளியிருந்தார்கள். எல்லாப் பக்கத்தின் தலைப்பிலும் 'பொறுப்பு: மைசூர்க் குழு' என்றிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு பக்கந்தான் காலியா இருக்கு," என்றாள், நம்ப முடியாமல்.

சிவகுமார் காபி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தார்.

"அதுக்கு ஒரு நல்ல தப்பாச் சொல்லுங்க மேடம்."