தூரத்தில் தூசி

இனியன் எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி அம்மாவுக்கு ஒரு தம்ளர் ஊற்றி வைத்தான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனான்.

மாடியில் அருணகிரியும் செழியனும் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். கல்லூரி நாளிலிருந்து ஞாயிறுதோறும் ஆடும் ஆட்டம். இனியன் கதை சொல்வான். மற்றவர்களுக்கு அதில் ஆளுக்கொரு வேடம். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

இனியனின் மனைவி கவியா இறந்த பிறகு இன்றுதான் முதல் ஆட்டம்.

அவளுடைய காய் ஒரு சிவப்பு ஜாக்கெட் பட்டன். கதையில் அவள் கோட்டையின் காவல்காரி. மதில்மேல், விட்ட இடத்திலேயே நின்றது. வெகு தூரத்தில் தூசி கிளம்பியிருந்தது. வருவது எதிரிப் படையா, ஊர் திரும்பும் சொந்த ஜனமா? இனியன் முன்பே முடிவு செய்திருந்தான். யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட.

அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய, பகடையில் பதினெட்டுக்குக் குறையாமல் விழ வேண்டும். போன ஆட்டத்தில் அவள் உருட்டவே மாட்டேன் என்றாள்.

"போளூர்ல நின்னு அண்ணாமலை தீபம் பாக்கறவங்க தாயம் உருட்டிட்டா பாக்கறாங்க?"

மறுநாள் காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி.

"தங்கச்சிக்கு பதிலா நான் போடறேன்," என்று அருணகிரி உருட்டினான். மூன்று. "ஒண்ணும் தெரியல. கதவ சாத்திட்டு அம்பு விட வேண்டியதுதான்."

வடை தின்ற எண்ணெய் விரலால் பட்டனை மதிலைவிட்டுத் தள்ளினான்.



கீழே அம்மா, துக்கம் கேட்க வந்த தனம் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் மருமகள் மலையைப் பார்த்துக் கைகூப்பி, 'அண்ணாமலையாரே' என்றாளாம். யாரிடம் சொன்னாலும் அதே இடத்தில் குரல் உடையும். வார்டு ஜன்னலுக்கு வெளியே இருந்தது ஜெனரேட்டர் ஷெட். அம்மா அப்போது டீ வாங்கப் போயிருந்தாள்.



இனியன் பட்டனை எடுத்துச் சட்டையில் துடைத்தான். மறுபடி மதில்மேல் வைத்தான்.

"வர்றது சொந்த ஜனம்," என்றான்.

"மூணுதானேடா விழுந்துது? யாரு பாத்தா?" என்றான் செழியன்.



கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இனியன் மட்டும்தான் இருந்தான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நம்ம ஆளுங்கதாங்க வர்றாங்க. கதவத் தொறந்து விடுங்க."