கடித்துவிட்டுப் போகும் மீன்கள்

"யோவ், உனக்கு நிஜமாவே இந்தத் தொழில் தெரியுமா, இல்ல சும்மா தூண்டில் கோலைத் தூக்கிட்டு அலையறியா?"

பெரிய மனுஷர் படகில் உட்கார்ந்தபடி கத்தினார். எதிரே வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னோடதுதான் சார்" என்றான். துடுப்பைப் பிடித்திருந்த படகுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை குனிந்து இருந்தவன் அவள் புருஷன்.

சாலையே இல்லாத காடு அது. குட்டி விமானம் வந்து தண்ணீரில் இறங்கினால்தான் வேற்று மனித முகத்தைப் பார்க்கலாம். அந்த ஆற்றில் இருபது வருஷமாக இவர்கள் இருவரும்தான் வருகிறவர்களை ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார்கள். அவள் படகு விடுவாள், எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று அவன் காட்டுவான். ஒரு மீனையாவது கையில் ஏந்திப் பார்க்காமல் யாரும் திரும்பியதில்லை.

இன்று மூன்றாவது நாள். பெரிய மனுஷர் கையில் ஒரு குஞ்சு மீன்கூட ஏறவில்லை.

அவர் பொழுதுபோக்க வந்தவர் இல்லை. வந்து இறங்கியதுமே வரைபடத்தை விரித்து, "இந்தக் கரையில நாப்பது ரூம். மீன் பிடிக்கிற ஆளுங்களுக்குன்னே ஒரு ஓட்டல்" என்றார். கரை அரசாங்கத்துடையது, குத்தகை கேட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இவர்களுடைய மரவீடு இருக்கும் இடத்தில் ஹெலிகாப்டர் இறங்குமாம். "உங்களை அம்போன்னு விட்டுட மாட்டேம்மா, பாத்திரம் கழுவ ஆள் வேணுமே" என்று அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

அதுகூடப் பரவாயில்லை. புருஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவான் என்று பார்த்தாள். அவனோ, "நல்ல யோசனை சார்" என்று சொல்லிவிட்டு, சொந்த வீட்டை அளப்பதற்கு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது பேச்சை நிறுத்தியவள்தான், மூன்று நாளாக அவனோடு பேசவில்லை.

"கட்டு" என்று பெரிய மனுஷர் கோலை நீட்டினார். எதையும் குனிந்து பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வழிகாட்டி, கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி ஒன்றை எடுத்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குறடால் டக்கென்று ஒரு அழுத்து அழுத்திக் கட்டிக்கொடுத்தான். பிடித்த மீனை நோகாமல் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் கொக்கி முனையில் இருக்கும் குட்டி முள்ளை நசுக்கிவிட்டுத்தான் தருவார்கள்.

பெரிய மனுஷர் மாட்டை விரட்டுகிறவர் மாதிரி கோலைச் சுழற்றினார். பூச்சி பின்னால் போய்ப் புதரில் விழுந்து திரும்பியது. அடுத்த வீச்சில் அவர் தொப்பி மேலேயே விழுந்தது. தலையை ஒரு உதறு உதறினார், பூச்சி வழுக்கிக் கீழே விழுந்தது. மூன்றாவது வீச்சுதான் பாறையோரம் போய்ச் சேர்ந்தது.

தண்ணீர் கலங்கியது. நூல் விண்ணென்று இழுபட்டது. அவர் கோலைத் தூக்க, நூல் தொங்கிப்போயிற்று.

"கொஞ்சம் சீக்கிரம் தூக்கிட்டீங்க சார்."

அடுத்த தடவையும் அதே கதை.

"இப்ப கொஞ்சம் லேட்டாயிடுச்சு சார்."

"காலையில இருந்து பதினாலு தடவை கடிச்சிருக்கு. சீக்கிரம்ங்கிற, லேட்டுங்கிற. என்னைப் பார்த்தா கேனையன் மாதிரி இருக்கா உனக்கு?" கோலைப் படகுக்குள் விட்டெறிந்தார். "கரைக்கு விடச் சொல்லு. போதும்."

துடுப்பாலேயே இரண்டு பேர் மண்டையிலும் ஆளுக்கு ஒன்று போடலாம் போலிருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கரைக்கு விட்டாள்.

விமானம் காத்திருந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த பைலட்டிடம் பெரிய மனுஷர் பொரிந்து தள்ளினார். "இங்க மீனு வந்து கடிச்சிட்டுக் காறித் துப்பிட்டுப் போகுதுய்யா. இங்க ஓட்டல் கட்டினா வர்றவன் என்னைக் காறித் துப்புவான். வேற ஆறு பார்த்துக்கிறேன். இவன் ஒரு ஃப்ராடு, இவனை நம்பி இனிமே யாரையும் கூட்டிட்டு வராதே."

வரைபடத்தைக் கசக்கிச் சேற்றில் எறிந்துவிட்டு ஏறிக்கொண்டார். பைலட் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தான். வழிகாட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான், விமானம் கிளம்பியபோது கும்பிடு வேறு போட்டான்.

அந்தக் கும்பிட்டில் அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"வெட்கமா இல்ல உங்களுக்கு? பைலட் முன்னாடி ஃப்ராடுங்கிறான், கும்பிடு போடறீங்க. வீட்டை இடிக்கிறேன்னு வந்தவனுக்கு நாடா பிடிக்கிறீங்க. இந்த வீடு தப்பிச்சது மீனுங்க செஞ்ச புண்ணியம். உங்களால இல்ல."

அவன் கோலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அது அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

"இருபது வருஷப் பேரு, மூணே நாள்ல போச்சு. நேத்துப் பொறந்தவன் கட்டித் தந்தாலும் அத்தனை கடிக்கு ஒண்ணாவது சிக்கியிருக்கும். நீங்க கட்டினதுல மட்டும் எப்படிங்க ஒண்ணுகூட மாட்டாம போச்சு?"

அவன் கோலை உறையில் போட்டு, மெதுவாக நிமிர்ந்தான்.

"கொக்கி இருந்தாத்தானே மாட்டும்."