பைரவர் வாசல் பிஸ்கட்

"சாமியோட நாய்க்கும் சொறி வருமாம்மா?" என்று ஒருமுறை மகள் கேட்டாள். மகளுக்குக் காய்ச்சல் இறங்கினால் பைரவர் சன்னதி நாய்க்கு ஆயுள் முழுக்க பிஸ்கட் போடுவதாக வேண்டிக்கொண்டவள் வடிவு. காய்ச்சல் இறங்கியது. ஆனால் அவளைப் போல ஊரே போட்ட பிஸ்கட்டில் நாய் மயிர் உதிர்ந்து, சொறிந்து சொறிந்து முதுகெல்லாம் புண்ணாகிவிட்டது.

"கோதுமை இதுக்கு ஒத்துக்கலைம்மா. உப்பில்லாம சோறும் முட்டையும் குடுங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

"வேண்டுதலை மாத்துறதே தப்பு. அதுவும் கோயில் நாய்க்கு முட்டையா? நாளைக்கே புள்ளைக்குக் காய்ச்சல் திரும்புனா யாரு பதில் சொல்றது?" என்றாள் வாசல் பூக்காரி.

அன்றிரவு வடிவு மகளின் நெற்றியைப் பலமுறை தொட்டுப் பார்த்தாள். மறுநாள் முட்டைச் சோறு பிசைந்தாள். வருகிறவர்களிடம் கெஞ்சி, பிஸ்கட்டைக் கையிலேயே வாங்கிக்கொண்டாள்.

மழைக்காலம் கழிந்து, மகள் பள்ளிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். நடை சாத்தியிருந்தது. சாப்பிட்ட நாய் மதில் நிழலில் சொறியாமல் தூங்கியது. புண் இருந்த இடமெல்லாம் செம்பட்டையாகப் புதுமயிர் முளைத்து, மூச்சோடு மெல்ல ஏறி இறங்கியது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. வடிவு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதன் முன்னால் நின்றாள்.