எட்டு கிலோ மெலாத்தி

"மூணு மாசமா அதே எட்டு கிலோவா, அண்ணி? என் பொண்ணுக்குச் சோறு போடுறீங்களா, இல்லையா?"

ஜகார்த்தா அலுவலகத்தில் இருந்தபடி லாரஸ் போனில் கொதித்தாள். கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துப் பட்டியலிடும் நிரல், அவளே சி மொழியில் எழுதியது. இன்றுதான் முதல் முறையாக ஓட விட்டிருந்தாள். தேடிப் பார்த்த முதல் பெயர் மெலாத்தி. சொந்த ஊரான வோனோசாரியில், கணவரின் அக்கா சுமியாத்தியிடம் வளரும் அவளுடைய பதினொரு மாதக் குழந்தை.

"போன் பண்ணும்போதெல்லாம் கொழுகொழுன்னு இருக்கான்னீங்களே!"

மறுமுனையில் சுமியாத்தியின் குரல் தணிந்தது.

"எட்டுன்னுதான் காட்டுதா?"

"ஆமா. எட்டு, எட்டு, எட்டு!"

"சரிம்மா... என் தப்புதான். இனி நல்லாப் பார்த்துக்கறேன்."

லாரஸ் போனை வைத்துவிட்டு, பக்கத்து மேசை ஹெந்த்ரோவிடம் பொருமினாள். "பார்த்தியா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க!"

வறுத்த சோயா டெம்பேயைக் கடித்தபடியே அவன் திரையை எட்டிப் பார்த்தான். "அது இருக்கட்டும். உன் பட்டியல்ல அத்தனை குழந்தையும் முழு முழு கிலோவாவே வளருதே, அரிசி மூட்டையா?"

லாரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செய்தியிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்கும் வரிக்குத் தாவினாள். ஊரில் எல்லோரும் எட்டரையை 8,5 என்று கமா போட்டுத்தான் எழுதுவார்கள். அவள் எழுதிய வரிக்கோ புள்ளிதான் தெரியும். கமாவைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடும். மீதி கிராமெல்லாம் காற்றோடு போச்சு!

"அடிப்பாவி! பிழை உன்னுது, திட்டு அண்ணிக்கா?" என்றான் ஹெந்த்ரோ.

கமாவைப் புள்ளியாக்கும் வரியைச் சேர்த்துக்கொண்டே மறுபடி அழைத்தாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. எட்டு இல்ல, அதுக்கும் மேல! என் நிரல்தான் முழுங்கிடுச்சு. சரி பண்ணிட்டேன், இதோ ஓட விடறேன்..."

"வேண்டாம்மா!" சுமியாத்தி அலறிவிட்டாள். "அந்த எட்டே இருக்கட்டும். ஆசைப்பட்டுப் போன வேலை... விட்டுட்டு ஓடி வந்துடுவியேன்னுதான்டி மறைச்சேன்..."

அதற்குள் மெலாத்தியின் எடைகள் திரையில் வந்து விழுந்துவிட்டன.

லாரஸ் ஜகார்த்தாவுக்குப் பஸ் ஏறிய வாரம், 8.9. அடுத்த மாதம், 8.5. இந்த மாதம், 8.1.