எனக்குப் படம் வருதே

"அக்கா, நம்ம ப்ராஜெக்ட் கைடு பேஜுல ஒரு படம்கூட வரல," என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்.

"எனக்கு வருதே! உன் நெட்டுல கோளாறா இருக்கும்," என்று எரிந்து விழுந்தேன்.

அவள் விடுகிற மாதிரி இல்லை. படங்களை எங்கோ வெளியில் வைத்து இழுப்பதே தப்பாம். ப்ரோகிராம் கோடு இருக்கிற ஃபோல்டரிலேயே போட்டுவிட்டால் எல்லாருக்கும் தெரியுமாம். அவளே மாற்றிக் கொடுத்துவிடுவாளாம்.

சொல்வது சரிதான். நான்தான் அந்தப் பக்கத்தில் யாரையும் கை வைக்க விட்டதில்லை. மற்றவர்களுக்கு வேலை மனப்பாடம், அதைத் திறப்பதே இல்லை. நானும் ஓர் எழுத்தைத் தொட்டதில்லை.

அதை எழுதியவன் அவன், இங்கே என்னோடு வேலை பார்த்தவன். ஃபோல்டர் கனத்துப் போகும் என்று சொல்லி, படங்களைத் தன் வீட்டில் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். இங்கே பக்கத்தைத் திறந்தால் அங்கிருந்து வந்து நிற்கும்.

எங்கள் சண்டை ஒன்றுமில்லாத சண்டை. ரோஷத்தில் வேலையையே விட்டுவிட்டுப் போனான். முதலில் அவன் பேசட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். வருஷம் திரும்பப் போகிறது.

ஆனால் காலையில் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். நாலு படமும் டக்கென்று வந்துவிடும். கம்பெனியே வேண்டாம் என்று போனவன், அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காமல் வைத்திருக்கிறான் என்றால் யாருக்காக? எனக்கு அது போதும், அன்றைய பொழுது ஓடிவிடும்.

"நீயே வந்து பாரு," என்று அவளை என் சீட்டுக்கு இழுத்து வந்தேன். நாலும் வந்தன. எப்படி என்பதுபோல் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஒரு நிமிஷம்க்கா" என்று என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஏதோ இரண்டு பட்டனைத் தட்டினாள்.

நாலு படமும் போய்விட்டன.

"ஒரு தடவ வந்த படத்த உங்க கம்ப்யூட்டரே எடுத்து வெச்சுக்கும்க்கா. இத்தன நாளும் அந்தக் காப்பியத்தான் காட்டியிருக்கு. இப்ப அத ஒதுக்கிட்டுப் புதுசா கேட்டேன், வரல. படம் இருந்த கம்ப்யூட்டர எப்பவோ ஆஃப் பண்ணிட்டாங்க."

எப்பவோ.

என் மேஜையிலேயே கிடந்ததைப் பார்த்துத்தான் தினம் தினம் பூரித்துப் போயிருக்கிறேன், பைத்தியக்காரி.

படம் வராத இடங்களில் எழுத்துகள் தெரிந்தன. படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வரி எழுதி வைக்கலாம். படம் வந்தால் அது கண்ணில் படாது, வராவிட்டால்தான் தெரியும். முதல் மூன்றிலும், எந்தப் படம் என்று ஒழுங்காகக் குறித்திருந்தான்.

நாலாவதில் இருந்தது: 'மொளகா, படம் வரலன்னா ஒரு போன் பண்ணு. நான் காத்துட்டிருப்பேன்.'

என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். இது என் கண்ணில் படட்டும் என்றுதான் கம்ப்யூட்டரை அணைத்திருக்கிறான்.

"நான் சேந்த நாள்லேருந்து எனக்கு இதான்க்கா வருது. யாருக்கா அந்த மொளகா?" என்றாள் அவள்.

எனக்கு மட்டும்தான் படம் வந்துகொண்டே இருந்திருக்கிறது.