சுரங்கப்பாதையில் எட்டு நிமிஷம்

"இன்னைக்கும் எட்டு நிமிஷம் லேட். கேட்டா உன் பொண்ணும் டிராஃபிக்ங்கறா, என் பையனும் டிராஃபிக்ங்கறான். அந்த ரோட்டுல ஏதுடி டிராஃபிக்?"

எதிர்வீட்டுக்காரி போனில் கேட்டதும், தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் மிதிப்பதை நிறுத்தினாள். பள்ளி வேனில் பதினோரு பிள்ளைகள். டிரைவர் வேறு புதுசு.

மறுநாள் மதியம், எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் வேனுக்குப் பின்னாலேயே போனாள்.

மலைச் சுரங்கப்பாதை முடியக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வேன் ஓரம்கட்டி நின்றது. டிரைவர் சாவியோடு இறங்கினார். பிள்ளைகளோடு இருந்த ஆயாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வெளியே நடந்தார். சுவரோரம் திரும்பி நின்று தலையை அண்ணாந்தார்.

குடிக்கிறான்!

ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"என்னய்யா ஊத்திக்கறே? பச்சப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு..."

அவர் திரும்பினார். கையில் ஒன்றுமில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தவர் "ஹச்!" என்றார். அடுத்தடுத்து இன்னும் இரண்டு.

"மன்னிச்சுக்குங்கம்மா. இருட்டுல இருந்து பளிச்சுனு வெயில்ல வந்தா தும்மல் வந்துடும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான். சிலருக்குப் பிறவியிலேயே உண்டு, வியாதி இல்லேன்னாரு டாக்டர். ஆனா தும்மும்போது கண்ணு மூடிக்குதே. வெளிய வந்ததும் வளைவு, அந்தப் பக்கம் பள்ளம். பாருங்க."

எட்டிப் பார்த்தாள். சட்டென்று இரண்டடி பின்வாங்கினாள்.

"தும்மித் தீர்த்துட்டா எனக்குக் கொஞ்ச நேரத்துக்கு வராது. அதான் இங்கேயே முடிச்சுட்டு வண்டியை எடுக்கறேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"லேட்டா வந்தா திட்டுவீங்க. இதைச் சொன்னா வேலையை விட்டே தூக்கிடுவீங்களேம்மா."

நேற்று சொல்லியிருந்தால் அதைத்தான் செய்திருப்பாள்.

டிரைவரோடு வேனுக்குத் திரும்பினாள். ஜன்னலில் மகளின் முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நாங்க பதினோரு பேரும் சத்தியம் பண்ணியிருக்கோம்."

கைப்பையில் போன் அலறியது. எதிர்வீட்டுக்காரிதான்.

"கையும் களவுமா பிடிச்சியா? வழியில என்னதான் பண்றான்?"

அவள் டிரைவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி பழசுடி. எஞ்சின் சூடாயிடுது, ஆற வெச்சுத்தான் எடுக்கணுமாம்" என்றாள், பன்னிரண்டாவது ஆளாக.