இரண்டாவது ஈடு

முதல் ஈடு பூந்தி முழுக்க வாலோடு விழுந்தது.

அவள் அரித்தெடுத்துத் தட்டில் கொட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட உருண்டையாக இல்லை. எல்லாம் தவளைக்குஞ்சு மாதிரி.

மாவில் குறையில்லை. எண்ணெயிலும் இல்லை. அவளுடைய தோள்தான். ஒரு வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பூந்திக் கரண்டியைச் சட்டி விளிம்பில் விடாமல் தட்டினால்தான் மாவு துளித்துளியாக விழும். இரண்டு தட்டுக்கே கை கீழே இறங்கிவிடுகிறது.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் மகள் ஜெசிந்தா பூ வாங்கப் போனாள். இவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு முதல்முதலாக வருகிறவர்களுக்குத் தன் கையால் ஒரு இனிப்பு.

அவள் கணவர் அடுக்களைக்குள் வந்தார். தண்ணீர் குடிக்க. மூடி போட்ட பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

மூன்று வருடமாக அவர் கைகள் நடுங்குகின்றன.

பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். பச்சைப்பிள்ளையின் முடி போன்ற நரம்பை ஒரே குத்தில் பிடிக்கும் கை அது. பிள்ளை அழத் தொடங்குவதற்குள் ஊசி ஏறியிருக்கும். டாக்டர்களே அவர் டூட்டி எப்போது என்று கேட்டுக் காத்திருப்பார்கள்.

அந்தக் கை ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை அடுத்தவர் வேட்டியில் கொட்டியது. அந்த ஆள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

அதிலிருந்து அவர் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. ஆள் வந்தால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காலையிலேயே சொல்லிவிட்டார்.

"நான் உள்ளயே இருந்துக்கிடுதேன். கேட்டா மேலுக்குச் சரியில்லன்னு சொல்லு."

பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் என்ன பேச்சு பேசுவது?

இரண்டாவது ஈட்டுக்குக் கரண்டியில் மாவை ஊற்றினாள். தோள் சுண்டி இழுத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"இதக் கொஞ்சம் பிடிங்க."

நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று உறைத்தது.

அதற்குள் அவர் வாங்கிவிட்டார்.

கீழே கொதிக்கிற எண்ணெய். மேலே அவர் கை. கரண்டி நடுங்கியது. கரண்டியில் இருந்த மாவும் நடுங்கியது.

பறிக்கக் கையை நீட்டினாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் முதல் தூறல் விழுவதுபோல. சின்னச் சின்னதாக, விட்டுவிடாமல்.

குனிந்து பார்த்தாள்.

ஒவ்வொரு துளியாக விழுந்தது. ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. உள்ளே முங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே வந்து நின்றது. அத்தனையும் உருண்டை. நூல் கோத்துவிடலாம் போல.

எத்தனையோ கிறிஸ்துமஸுக்குப் பூந்தி போட்டவள் அவள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யார் வீட்டிலும்.

அவர் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"ஏளா, வாங்கிக்கோ. கொட்டிரப் போவுது."

அவள் வாங்கவில்லை.

அவர் வழக்கம்போல இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் அடங்கியது. தூறல் நின்றது. மாவு கம்பியாக நீண்டு, ஒரு வால் விழுந்தது.

"கைய நிறுத்திராதீங்க!"

கத்திவிட்டாள். இருவருமே திடுக்கிட்டார்கள்.

மூன்று வருடமாக மாத்திரையும் தைலமும் உபவாச ஜெபமும் அந்தக் கையிடம் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். நில்.

"இங்க பாருங்க," என்றாள். "இதப் பாருங்க."

அவர் சட்டிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு இடது கையை எடுத்துவிட்டார்.

தூறல் மறுபடி தொடங்கியது.

அவள் ஊற்றினாள். அவர் பிடித்தார். அவள் அரித்துப் பாகில் போட்டாள். ஏலக்காய் வாசம் எழும்பியது. பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது. மரத்தடியில் குருவி வந்து உட்கார்ந்தால் மூச்சடக்கி நிற்போமே, அப்படி நின்று அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அதை இவ்வளவு பார்த்ததில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

"அம்மா! அவங்க சீக்கிரமே வந்துட்டாங்க." ஜெசிந்தா பூப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவள் தோளுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் ஒரு அம்மா. மாப்பிள்ளையின் தாய்.

உள்ளறைக் கதவு இரண்டு எட்டில்தான் இருந்தது.

அவர் அந்தப் பக்கம் திரும்பினார். கரண்டியும் கூடவே திரும்பியது. மாவுப் பாத்திரத்தைப் பிடித்தபடி அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாவு தீந்துட்டு," என்ற அவர் குரல் கேட்டது. "ஊத்து."

கண்ணைத் திறந்தாள். ஊற்றினாள்.

அந்த அம்மா முதலில் அவர் கையைப் பார்த்தாள். பிறகு எண்ணெயைப் பார்த்தாள்.

மெல்லச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அடுப்புக்கு அருகே வந்து நின்றாள்.